எட்டாவது சுற்று

அது எட்டாவது சுற்றா ஒன்பதாவதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். காரின் நிறத்தைக்கூட ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆயில் கசிந்த இடத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை.

பல் டாக்டரின் முப்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. மெக்கானிக் இரண்டு தடவை கியர்பாக்ஸை இறக்கி, ஆயிலைத் தடுக்கும் பின்பக்க சீல் வளையத்தை மாற்றினார். ஷெட்டில் நிற்கும்வரை சாதுவாக நிற்கும். டாக்டர் எடுத்துப்போன மறுநாளே அவர் வீட்டு வாசலில் கருப்புப் பொட்டு வைத்துவிடும்.

"இனி ஒரு சொட்டு விழுந்தா ஷெட் போர்டைக் கழட்டிடறேன்" என்று மெக்கானிக் தன் மனைவியிடம் சொன்னார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பகலெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் கிடப்பதால் மற்ற நேரத்தில் பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பாள். பழைய டயர்மேல் உட்கார்ந்து வெகுநேரம் காரையே பார்த்தாள்.

"நீங்க எப்படி ஓட்டிப் பாத்தீங்க?"

"நேர் ரோட்டுல, மெதுவா. அடுத்தவங்க பொருள். கீறல் விழுந்தா?"

"டாக்டர்?"

"அவரா? வளைவுலகூட ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. அவளும் அவசரப்படவில்லை.

"வேன்ல நேராப் போனா தண்ணி பாட்டில் அசையாதுங்க. திருப்பத்துலதான் எல்லாம் ஒரு பக்கமா உருண்டு வரும். ஆயிலும் அப்படித்தானே?"

அவர் எழுந்தார். இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்துவந்து மேலிருந்து கீழ்வரை தூவினார். ஈரம் பட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

"என் பவுடரையா?"

"உனக்கு அது தேவையே இல்ல."

"இதைச் சொல்ல இருபது வருஷமா உங்களுக்கு?"

காலி மைதானத்தில் அவளே ஓட்டினாள். வலப்பக்கமாகச் சுற்று, மேலும் சுற்று. டயர் கத்தியது. பக்கத்து சீட்டில் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "போதும்டீ, குடல் வெளிய வந்துடும்!" எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நிறுத்தினாள்.

பானெட்டைத் திறந்தார்கள். எங்கும் வெள்ளை. இன்ஜின் தலைமூடியின் இடது பின்மூலையில் மட்டும், அரைவட்ட ரப்பர் அடைப்புக்கு அடியிலிருந்து ஒரு கருப்புக் கோடு. இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, அவர் இரண்டு தடவை மாற்றிய சீலுக்கு நேர் கீழே போய் நின்றது. ரப்பரில் நகத்தை அழுத்தினார். கல்லாகிவிட்டிருந்தது.

காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அவர் டாக்டரைப் போனில் கூப்பிட்டார்.

"கண்டுபிடிச்சாச்சு டாக்டர். சீல் மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது."

"பரவாயில்லையே, பிடிச்சிட்டீங்களே!"

"நான் இல்ல. என் வீட்டுக்காரி." தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்ததும் இன்னொரு தடவை சொன்னார்.

ரப்பரை மாற்றிய பிறகு அந்தக் கார் சொட்டவில்லை. டாக்டர் இன்னும் அதில்தான் போகிறார், வளைவில் காலை எடுக்காமல். போர்டு அதே இடத்தில் இருக்கிறது. அவள் வேன் ஓட்டுகிறாள். சனிக்கிழமைகளில் ஷெட்டுக்கு வரும் வண்டிகளை ஓட்டிப் பார்க்கிறாள். பக்கத்து சீட்டில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்கிறார்.