எட்டாவது பாட்டுக்குள் ஒரு மாடு

எங்கள் புது ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. ஏழு முடிந்துவிட்டது. எட்டாவதற்குக் குரல் கொடுக்க வேண்டிய புனிதவதி அரை மணி நேரமாக மைக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை எல்லாப் பாட்டையும் இணையத்தில் ஏற்றியாக வேண்டும். என் தம்பி ஜீவன் நகத்தைக் கடித்தான், நான் அவனை முறைத்தேன்.

நானும் ஜீவனும்தான் ‘ரெட்டை பட்டன்’ இசைக்குழு. எண்பதுகளில் டிஸ்கோ ஆடியவர்கள் கேட்டால் இடுப்பு தானாக ஆடுமே, அந்த எலக்ட்ரோ ஃபங்க்: பழைய கீபோர்டு, டிரம் மெஷின், குண்டுகுண்டாக உருளும் பேஸ். எங்கள் இரண்டு பேருக்கும் பாட வராது. ஜீவன் பாடினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும். அதனால் பாட்டுக்கு ஒரு விருந்தாளிப் பாடகர். சுங்கை செம்பிலாங்கில் மீன் லோரி ஓட்டும் அப்பளசாமி மாமா, சபாக்கில் தையல் கடை வைத்திருக்கும் நவமணி அக்கா என்று ஒவ்வொருவராக வளைத்துப் பிடித்தோம்.

புனிதவதி செரண்டா தொழிற்சாலையில் என்னோடு பேக்கிங் செய்பவள். தினமும் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடுவரை பாடிக்கொண்டே வருவாள். அப்படி ஒரு குரல்! ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். சின்ன வயதில் பள்ளி மேடையில் வரி மறந்து நின்றபோது மண்டபமே சிரித்ததாம். இருபது வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை.

“பேக்கிங் லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் பிரமிளாக்கா, என் பேரு ஆல்பத்துல வருதுன்னு. இப்ப பாட முடியலன்னா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வேலைக்குப் போவேன்?” கண் கலங்கிவிட்டாள். எனக்கு அந்த மண்டபத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

“ஏறு மோட்டார்ல,” என்றேன்.

ஜீவன் அவள் ஹெல்மெட்டுக்குள் குட்டி மைக்கை ஒட்டினான், காதில் தாளத்தை மாட்டிவிட்டான். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் கிளம்பினோம். புனிதவதி பாடினாள். அடேயப்பா! ஆனால் காதில் தாளம் ஓடினாலும் அவள் கேட்டது மோட்டாரைத்தான். நான் முறுக்கினால் பாட்டும் ஓடியது, மெதுவாகப் போனால் இழுத்தது. சரியாக நாற்பதில் போனால்தான் பாட்டு சேர்ந்தது. நாற்பதிலேயே போனேன். பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரன் அடித்தே அலுத்துப்போனார்.

கடைசிச் சரணம். வளைவில் திரும்பினால் சாலை நடுவே ஒரு மாடு. பிரேக்கை அழுத்தினேன்.

“ஐயோ, மாடுக்கா! மாடு! மாடு!” என்று அலறினாள் புனிதவதி. மாடு எங்களைச் சட்டையே செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜீவன் ஸ்பீக்கரில் போட்டான். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு புஷ்பா அக்கா குடும்பத்தோடு வேலியோரம் வந்துவிட்டார். பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அந்த அலறல், மூன்று மாடும் கச்சிதமாகத் தாளத்தில். வேலிக்கு அப்பால் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள்.

புனிதவதி எழுந்து நின்றாள். “ஜீவா, அத வெட்டிருடா!” என்று கத்தினேன்.

“இன்னொரு தடவ போடு லா!” என்றார் புஷ்பா அக்கா. அவர் பிள்ளைகள் “மாடு! மாடு!” என்று ஆடிக் குதித்தார்கள். புனிதவதி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

“வெட்டுன, கொன்னுருவேன் உன்ன,” என்றாள் ஜீவனிடம். மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அத்தனை முகத்தையும் நேராகப் பார்த்து, முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.