கோட்டை ஆட்டமும் துறைமுக ஆட்டமும்

கோட்டை ஆட்டம் உசத்தியா, துறைமுக ஆட்டம் உசத்தியா என்கிற வழக்கு அந்த வீட்டில் ஏழு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் மச்சான் படியேறி வந்துவிடுவான். கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரே ஒரு மவுஸ். விசாரணை ஆரம்பமாகிவிடும்.

இரண்டுமே ஒளிந்து ஒளிந்து போகிற ஆட்டங்கள்தான். மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பது போல முழு இடமும் திரையில் தெரியும். காவல்காரர்கள் நடந்தபடியே இருப்பார்கள். ஒவ்வொருவன் கண்ணிலிருந்தும் பச்சை நிறத்தில் விசிறி மாதிரி பார்வை விரிந்து இப்படியும் அப்படியும் ஆடும். நம் ஆட்கள் நாலைந்து பேர் அந்த விசிறியில் படாமல் நழுவி உள்ளே போய், காரியத்தை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அவசரக்குடுக்கைகளுக்கு இதில் இடமே கிடையாது. ஒரு சுவர் மறைவில் இருபது நிமிஷம் குந்தியிருந்து, காவல்காரன் எப்போது திரும்புகிறான், எப்போது கொட்டாவி விடுகிறான் என்று கணக்கு வைக்கிற ரகத்துக்குத்தான் சரிப்படும்.

நம்ம ஆள் அந்த ரகம். வேலை செய்த இடத்தில் அவருக்கு ‘நிதானம்’ என்றே பேர். மச்சான் அவர் மனைவியின் அண்ணன். வயது ஒன்றுதான், வேலையும் ஒரே இடத்தில்தான். அவனுக்கு மட்டும் ஏன் மரியாதை போடவில்லை என்று கேட்காதீர்கள். போகப் போக உங்களுக்கே தெரியும்.

கோட்டை ஆட்டம் பழசு. ஆட்கள் எறும்பு அளவுதான் இருப்பார்கள். மச்சானுக்கு அதுதான் உயிர். அதில் எதையும் நிறுத்திவைக்க முடியாது; ஒவ்வொருவனாகத்தான் நகர்த்த வேண்டும். அதில் ஒரு விதியும் உண்டு. ஒருவன் மாட்டிக்கொண்டாலும் ஆட்டம் முடிந்துவிடாது, மிச்சமிருப்பவன் வாசலைத் தாண்டிவிட்டால் ஜெயித்ததாகக் கணக்கு. ஆகவே மச்சானுக்கு எப்போதும் ஒரே வழி. ஒருவனைக் காவல்காரன் கண்ணெதிரே ஓடவிடுவான். அத்தனை பேரும் அவனைத் துரத்திக்கொண்டு போகிற நேரத்தில் இன்னொருவனைப் பின்வாசலில் நுழைத்துவிடுவான். ஓடினவன் கதி என்ன என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

நிதானத்துக்குத் துறைமுக ஆட்டம். அதில் நேரத்தை அப்படியே நிறுத்தி, நீ இவனை அமுக்கு, நீ அவனை அமுக்கு என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கட்டளை கொடுத்து வைக்கலாம். பிறகு ஒரே ஒரு விசையைத் தட்டினால் எல்லாரும் ஒரே நொடியில் பாய்வார்கள். ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிற இரண்டு காவல்காரர்களை வேறு எப்படியும் வீழ்த்த முடியாது. ஒருவனை மட்டும் தொட்டால் மற்றவன் கத்தி ஊரைக் கூட்டிவிடுவான். இந்த ஆட்டத்தில் ஒருவன் மாட்டினால் எல்லாரும் மாட்டினதுதான், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதனால்தான் அது உசத்தி என்பார் நிதானம். அது அழுமூஞ்சிகள் ஆடுகிற ஆட்டம் என்பான் மச்சான்.

ரயில் ஆட்டம் என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதிலே காவல்காரர்கள் சுத்த அசமந்தங்கள் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு. நிதானத்தின் மனைவிக்கு மட்டும் அதுதான் பிடிக்கும், ரயில் ஓடும்போது நல்ல மலையெல்லாம் தெரிகிறது என்று. பக்கத்தில் நின்றவன் காணாமல் போன பிறகும் தன்பாட்டுக்கு நடக்கிறவனுக்கு எந்த முட்டாள் சம்பளம் கொடுக்கிறான் என்று அவள் கேட்பாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

இனி வேலைக்கு வருவோம். அது ஒரு பல் லேப். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து செயற்கைப் பல் செய்து கொடுக்கிற இடம். பின்னறையில் நிதானமும் மச்சானும் எதிரெதிர் மேஜையில். பீங்கானைத் தூரிகையால் மெலிசு மெலிசாகப் பூசி, உலையில் சுட்டு, பிறகு உரசி உரசிப் பக்கத்துப் பல்லின் நிறத்துக்குக் கொண்டுவருகிற வேலை. உரசினால் மாவு மாதிரி தூசி கிளம்பும். அதை இழுத்துக்கொள்ள மேஜைக்கு மேலே ஒரு குழாய் உண்டு. அதன் மோட்டார் எட்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. முதலாளியைக் கேட்டால் அடுத்த வாரம் என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

நிதானத்துக்கு இருமல் வந்தது; வந்தது போகவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெஞ்சில் தூசி இறங்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் மாடிப்படி ஏற மூச்சு இருக்காது என்று சொல்லிவிட்டார். மனைவி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

பீங்கான் வேலை தெரிந்தவர்கள் லேபில் இரண்டே பேர். ஒருவர் போனால் லேப் நொண்டி நொண்டியாவது ஓடும். இரண்டு பேரும் போனால் ஒரே வாரத்தில் பூட்டுத்தான். ஆகவே இரண்டு பேரும் விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் முதலாளி மோட்டார் வாங்காமல் எங்கே போவார்? திட்டம் நல்ல திட்டம்தான். மற்றவர்களாக இருந்தால் சேர்ந்து போய் இரண்டு கடிதத்தையும் ஒரே மேஜையில் வைத்திருப்பார்கள். ஆனால் முன்பு இரண்டு தடவை சேர்ந்து போய்க் கேட்டபோது, முதலாளி ஒருவரையும் முதலாளியம்மா ஒருவரையும் தனியே தள்ளிக்கொண்டு போய்ப் பேசிப் பேசி ஆறப்போட்டுவிட்டார்கள். முதலாளி கீழே முன்னறையில், அம்மா மாடி அறையில். ஒருவருக்கு முதலில் தெரிந்தால் அடுத்த நிமிஷம் மற்றவருக்கு போன் போய்விடும்.

நிதானத்துக்கு இது துறைமுக ஆட்டமாகவே தெரிந்தது. ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிற இரண்டு காவல்காரர்கள்! ஒரே நொடியில் இரண்டு கடிதம் போக வேண்டும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவர் முதலாளியிடம், மச்சான் அம்மாவிடம் என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்தார்கள். வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகள் வேலையை விடுவதற்குக் கைக்கடிகாரங்களை ஒரே நேரத்துக்குத் திருகி வைத்துக்கொண்டார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? நான் சொல்கிறேன், வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து.

அன்றைக்கு ஒத்திகை மாதிரி துறைமுக ஆட்டத்தையே போட்டார்கள். விளக்குக் கம்பத்தடியில் இரண்டு காவல்காரர்கள் எதிரும் புதிருமாக நின்றார்கள். நிதானம் தன் ஆளுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு மவுஸை மச்சானிடம் தள்ளினார். அதற்குள் இருமல் பிடித்துக்கொள்ள, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

“போட்டுட்டியா மச்சான்?”

“போட்டாச்சு மாப்ள.”

விசையைத் தட்டக் கை வைத்தவர் நிறுத்திவிட்டார். நாளைக்கு ஜெயித்துவிட்டு வந்து தட்டலாம், அதுதான் ராசி என்றார். ஆட்டத்தை அப்படியே சேமித்து வைத்தார்கள். மச்சான் நிதானத்தின் கடிதத்தை வாங்கிப் படித்து, ஒரு வரியைத் திருத்தி, கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னான். போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை பதினொன்றுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மச்சான் சட்டைப் பையில் காகிதத்தோடு மாடிப்படி ஏறியதை நிதானம் கண்ணாலேயே பார்த்தார். பதினொன்று அடித்ததும் முன்னறைக்குள் நுழைந்து கடிதத்தை வைத்தார். முதலாளி அதைப் பிரிக்கவே இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, விலகலை ஏற்றுக்கொண்டதாக டைப் அடித்துத் தயாராக வைத்திருந்த ஒரு தாளை எடுத்து எதிரே வைத்தார். சனிக்கிழமை தேதி போட்டிருந்தது.

“உங்க மச்சான் சனிக்கிழமையே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பதினோரு மணின்னும் சொன்னாரு. நீங்க சரியா வந்துட்டீங்க.”

மச்சானும் இப்போது மாடியில் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறானே என்று, புத்தி இல்லாமல் நிதானம் அவனுக்காகப் பரிந்து பேசினார். முதலாளிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். உங்கள் மச்சான் மாடிக்குக் கையெழுத்துப் போடப் போயிருக்கிறார், இன்றிலிருந்து லேப் பொறுப்பு அவருக்குத்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பதினொரு வருஷம் உட்கார்ந்த மேஜையிலிருந்து தூரிகைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு நிதானம் வெளியே வந்தார். மாடியில் கதவு சாத்தியே இருந்தது. அவர் தெருவில் இறங்கும்வரை யாரும் படியிறங்கி வரவில்லை.

புதன்கிழமை, லேபில் அச்சு வார்க்கிற அக்கா போன் செய்தாள். புது மோட்டார் வந்துவிட்டதாம். சத்தமே இல்லாமல் இழுக்கிறதாம், மேஜையில் ஒரு பொட்டுத் தூசி கிடையாதாம். யார் மேஜைக்கு மேலே என்று நிதானம் கேட்டார். அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தாள்.

கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் குழி பறிக்கிறவன் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நம் வீட்டு டீயைக் குடித்து, நாம் விழ வேண்டிய நேரத்துக்கு நம் கடிகாரத்தையும் திருகிக் கொடுத்தால் அதற்கு என்ன பேர்? வியாழக்கிழமை மனைவி நிதானத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் யோசித்து வைத்ததைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“அந்தக் கோட்டை ஆட்டத்துல எங்கண்ணன் எப்பவும் உங்க ஆளைத்தானே முன்னாடி ஓடவிடுவான்?”

ஆமாம், எப்போதும் அவர் ஆளைத்தான். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட மச்சான் தன் ஆளை ஓடவிட்டதில்லை. அவரும் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறார். தன்னை விட்டு ஆழம் பார்க்கிறான் என்று தோன்றவே இல்லை. ரயில் ஆட்டத்துக் காவல்காரனை அசமந்தம் என்றோமே, அவன் எவ்வளவோ தேவலை என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தான். ஆமாம், வந்தான். வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான படியேறி. தங்கை அவனை வா என்று சொல்லவில்லை. அவன் வாசலில் நின்றபடியே பேச ஆரம்பித்தான். இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும், ஒருவனாவது நிற்கட்டும் என்றுதான் செய்தானாம். பயந்துவிட்டானாம். இரண்டு மாதம் பொறுத்தால் முதலாளியிடம் சொல்லி மறுபடி சேர்த்துவிடுவானாம், தன் கீழே. மோட்டாரும்தான் வந்துவிட்டதே என்றான். அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு நா கூசவில்லை.

நிதானம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார். போன வாரம் பாதியில் விட்டது ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிடலாம் என்றார். மச்சான் முகத்தில் உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்திருப்பான். விறுவிறுவென்று வந்து உட்கார்ந்தான்.

திரையில் துறைமுகம் வந்தது. விளக்குக் கம்பம், எதிரும் புதிருமாக இரண்டு காவல்காரர்கள், மறைவில் இரண்டு பேர். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நிதானம் விசையைத் தட்டினார்.

அவருடைய ஆள் பாய்ந்தான். மச்சானின் ஆள் பீப்பாய்க்குப் பின்னால் குந்தியபடியே இருந்தான். அவனுக்குக் கட்டளையே கொடுக்கப்படவில்லை. எதிரில் நின்ற காவல்காரன் கத்தினான், மணி அடித்தது, நாலு பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். நிதானத்தின் ஆள் நடுவில் தனியாக விழுந்தான். திரை சிவந்து நின்றது.

போன வாரம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்ததும் திரையை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். போட்டாச்சு என்று மச்சான் சொன்ன பிறகு எதற்குப் பார்ப்பது? பொம்மைக்குக்கூடக் கட்டளை கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை. வாய் மட்டும் வந்திருக்கிறது.

மச்சான் மவுஸை எட்டி எடுத்தான்.

“திரும்ப லோட் பண்ணு மாப்ள. இந்தத் தடவை கண்டிப்பா போடறேன்.”

நிதானம் அவன் பக்கம் திரும்பினார். அவருக்கு இருமல் வந்தது. அது அடங்குகிறவரை மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடங்கியதும் அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“சனிக்கிழமை பயந்துட்ட, சரி. மனுஷன் பயப்படுவான். மறுநாள் ஞாயித்துக்கிழமை எதுக்கு வந்த?”

மச்சான் எழுந்தான், தங்கை முகத்தைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் நேராக வந்து, அவன் எழுந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.