செருப்பை ஒளித்தவள்

கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டு மெட்டைப் பிறகு போடுவது என்று எந்த மகானுபாவன் முடிவு செய்தானோ, பாடலாசிரியர் சங்கத்தில் அதுதான் வழக்கம். "இந்தப் போட்டிக்குத் தரப்படும் மெட்டை இதற்கு முன் நான் கேட்டதில்லை" என்று அச்சடித்த தாளில் பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இன்னும் போடாத மெட்டைக் கேட்டதில்லை என்று சொல்வதில் என்ன கஷ்டம்? தந்தானாவும் கையெழுத்துப் போட்டாள்.

தந்தானா என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். பெரிய பாடகிகள் வருமுன் மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட ஒருத்தி பாடி வைக்க வேண்டும். அதற்கு டிராக் என்று பெயர். அந்த நேரத்துக்குப் பாட்டு வரிகள் வந்து சேர்ந்திருக்காது. அதனால் 'தந்தானா தானா' என்றோ, வாய்க்கு வந்த எதையாவது வைத்தோ பாடுவாள். பாடகி வந்து பாடி முடித்ததும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். பதினோரு வருடமாக அவள் அழிந்துகொண்டிருக்கிறாள்.

சங்கம் வருடா வருடம் புகழ்பெற்ற பாடலாசிரியர் ஒருவரைக் கௌரவிக்கும். அதே நாளில் புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் போட்டி வைக்கும். முதல் பரிசு வாங்கியவரின் பாட்டு நிஜமாகவே படத்தில் வரும், பெயரும் போடுவார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த மாதம் தந்தானாவுக்கு முப்பத்தாறு. இதை விட்டால் சாகும்வரை தந்தானாதான்.

மணி பத்துக்கு மாடி அறையின் ஸ்பீக்கரில் மாஸ்டரின் குரல் வந்தது. மாஸ்டர் இசையமைப்பாளர், அவருடைய கூடத்தில்தான் இவளுக்குப் பிழைப்பு.

"கவிஞர் ஐயாவைக் கௌரவிக்கிற நாள். அவருக்காகவே இன்னைக்கு விடியக்காலையில குளிச்சிட்டு உட்கார்ந்து போட்ட மெட்டு இது. மூணு தடவை வரும். நாலு வரி பல்லவி மட்டும் எழுதினா போதும். நாற்பது நிமிஷம்."

மெட்டு தொடங்கியது. நாலு சுரம் போவதற்குள் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குளித்துவிட்டுப் போட்ட மெட்டாம்! ஏழு வருடப் பழசு. நின்றுபோன ஒரு படத்துக்காகப் போட்டது, பாடகி வந்து பாடவே இல்லை. மனுஷர் தூசி தட்டி எடுத்து வந்துவிட்டார். அன்றைக்கு டிராக் பாடியது யார் என்பதை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டார். டிராக் பாடுகிறவளை யார்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

அவளுக்கு அந்த நாள் மறக்காது. அன்று காலைதான் அவள் கணவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். வெளியே கொட்டுகிற மழை. அவன் போகக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல், அவன் செருப்பை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவன் அங்குமிங்கும் தேடிச் சிரித்து, கண்டுபிடித்து, மாட்டிக்கொண்டு போய்விட்டான். மதியம் கூடத்தில் மைக் முன்னால் நின்றபோது வரிகள் தாமாக வந்தன.

*போகலாம் போகலாம் மழை விடட்டும்*
*மழை விட்டா போகலாம் தெரு காயட்டும்*
*தெரு காஞ்சா போகலாம் செருப்பு கிடைக்கட்டும்*
*செருப்பை ஒளிச்ச இடம் எனக்கே மறக்கட்டும்*

"டம்மிக்கு எதுக்கும்மா இவ்வளவு? லாலா போதும்" என்று ஒலிப்பதிவாளர் சிரித்தார். போனவன் ஒரு வருடம் ஒழுங்காகப் பேசினான். பிறகு எண்ணை மாற்றினான். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். கூடத்தில் கேட்டால் "வெளிநாட்டுல இருக்காருங்க, அடுத்த வருஷம் வந்துடுவார்" என்பாள். பொட்டு வைத்து, பூ வைத்து, வருடா வருடம் அதே பொய்.

அவள் பாதி எழுந்தாள். சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா, தண்ணி வேணுமா?"

இந்த மெட்டை எனக்குத் தெரியும் என்று சொன்னால் போட்டியிலிருந்து வெளியே. மாஸ்டரின் குளியல் கதையும் ஊர் முழுக்க நாறும். நாளையிலிருந்து கூடத்தின் வாசலை மிதிக்க முடியாது. வீட்டில் எட்டு வயதுப் பெண் இருக்கிறாள்.

"ஒண்ணுமில்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பழைய வரியைத் தொடக்கூடாது, புதிதாக எழுதினால் அது நியாயம்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்வது சுலபம். ஒரு மெட்டில் ஒருமுறை சொல் ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எதை எழுதினாலும் மூன்றாவது சொல்லில் மழை வந்து நின்றது. இருபது நிமிடம் போனது. இருபத்தைந்து. பக்கத்து மேசையில் கலர் சட்டை போட்ட ஒருத்தன் ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு ஃபேனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டரின் மச்சினன். மேதையா முட்டாளா என்று தெரியாத முகம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

*யாரது யாரது ஜன்னல் ஓரம்*
*ஊருக்குப் போகிற கண்ணின் ஈரம்*

இந்த ரீதியில் நாலு வரி. எதுகை மோனை எல்லாம் சரி. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. உள்ளே ஆள் இல்லை. தாளில் ஒன்பது என்று தன் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாலை நான்கு மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தையல் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்த அவசரத்தில் அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. மேடையில் கவிஞர். நாற்பத்திரண்டு வருடம், மூவாயிரம் பாட்டு. குளிக்கும்போது அவர் வரியை முணுமுணுக்காதவர்கள் அந்த அரங்கத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. வாழ்த்திப் பேசியவர்களிடம் நடுநடுவே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தாள்களைத் திருத்தியவரும் அவரே.

மூன்றாம் பரிசு, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணுக்கு. இரண்டாம் பரிசு, ஒன்பதாம் எண்.

தந்தானா மேடை ஏறினாள். கண்ணாடிக் கேடயத்தைக் கையில் வாங்கியபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது என்றாலும் எழுதி வாங்கியது. அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

"நல்ல கைத்திறன்மா" என்றார் கவிஞர். "ஆனா பயந்துபோய் எழுதியிருக்கே. ஏன்?"

அவள் பதில் சொல்வதற்குள் செயலாளர் முதல் பரிசை அறிவித்தார். நாலாம் எண். மாஸ்டரின் மச்சினன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றான். கவிஞர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"இதை நானே வாசிக்கிறேன். போகலாம் போகலாம் மழை விடட்டும்..."

தந்தானாவுக்குக் காது அடைத்தது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது வந்தது. நாலாவது வரிக்கு அரங்கமே 'ஆகா' என்றது. கவிஞர் மறுபடி வாசித்தார். ஜனம் கூடவே சேர்ந்து சொன்னது. மூன்றாவது வரிசையில், அது தங்கை பாட்டு என்று தெரிந்த அக்கா எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தாள்.

மாஸ்டர் கைதட்டிக்கொண்டே இவளைப் பார்த்தார். முதலில் சும்மா பார்த்தார். அப்புறம் கைதட்டல் மெதுவானது. ஏழு வருடம் கழித்து அவருக்கு நினைவு வருவதை அவள் கண்ணெதிரே பார்த்தாள்.

நகர்ந்து பக்கத்தில் வந்தார். உதடு அசையாமல் பேசினார். "தந்தானா, கம்முனு இரு. பழைய ரெக்கார்டிங்கைப் பழகிப் பார்க்கக் குடுத்தேன், அந்த மடையன் அப்படியே எழுதிட்டான். டம்மி வரிதானேன்னு நினைச்சிருக்கான். நானும் கவனிக்கலை."

"அது நான் எழுதினது மாஸ்டர்."

"சரி, நீதான். யார் இல்லைன்னா? அடுத்த படத்துல உனக்கு ஒரு பாட்டு, உன் பேரோட. என் பொண்ணு மேல சத்தியம். இப்போ வாயைத் திறந்தேன்னா எல்லாரும் நடுத்தெருவுலதான். காலையில நீ போட்ட கையெழுத்தும் சேர்த்துத்தான், ஞாபகம் இருக்கட்டும்."

சத்தியம் பண்ணினால் மாஸ்டர் செய்வார், அது அவளுக்குத் தெரியும். பெயரோடு ஒரு பாட்டு. பதினோரு வருடமாக அவள் கேட்டது அதுதானே? சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பது அவளுக்குக் கைவந்த கலை. அக்காவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அக்கா உட்காரவில்லை.

கவிஞர் மச்சினனை விடுவதாக இல்லை. "மூவாயிரம் பாட்டு எழுதியிருக்கேன், இந்தச் செருப்பு எனக்குத் தோணலையே! யாருய்யா அது? யார் செருப்பு?"

மச்சினன் திருதிருவென்று விழித்தான். "சும்மா... கற்பனைதாங்க."

"கற்பனையில நிலாதான்யா வரும், செருப்பு வராது. போறது யாரு? ஒளிச்சு வச்சது யாரு?"

"காதலன்... காதலிங்க. காதலி வீட்டுக்குக் கிளம்புறா. அப்போ அவன் விளையாட்டா..."

விளையாட்டாகவாம். தந்தானாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அந்தக் காலையில் அரிசி டின்னுக்குப் பின்னால் குனிந்தபோது என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவளுக்குத்தான் தெரியும். இந்த வரியைத் தவிர அந்தக் கல்யாணத்திலிருந்து அவளுக்கு உருப்படியாக மிஞ்சியது எதுவும் இல்லை. அதையும் விளையாட்டு என்று ஒருத்தன் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"என் புருஷன் செருப்புங்க" என்றாள்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது.

"அவர் வெளிநாட்டுக்குக் கிளம்பின அன்னைக்கு ஒளிச்சு வச்சேன். அன்னைக்கு மதியம் இதே மெட்டுக்கு நான்தான் டிராக் பாடினேன். ஏழு வருஷம் ஆச்சு. அப்போ பாடின வரி இது."

மச்சினன் பதறிப்போய் மாஸ்டர் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்க குடுத்த ரெக்கார்டிங்குல இருந்ததுதானே? டம்மின்னு சொன்னீங்களே!"

அதற்கப்புறம் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் ஒரு கட்டுத் தாளைப் பிரித்து எதையோ தேடினார்.

"தேட வேண்டாங்க" என்றாள் தந்தானா. "மெட்டைக் கேட்டதில்லைன்னு நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். போட்டப்போ அது பொய் இல்லை. மெட்டு வந்ததும் எழுந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்." கேடயத்தை அவர் மேசையில் வைத்தாள்.

கவிஞர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "புருஷன் திரும்பி வந்துட்டாரா?"

அடுத்த வருஷம் வந்துடுவார் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. ஏழு வருடப் பழக்கம். கூடத்து ஆட்கள் இரண்டாவது வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"வரலைங்க. வரமாட்டார். அங்கேயே வேற குடும்பம் இருக்கு."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

கவிஞர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். குரலில் கொஞ்சமும் இளக்கம் இல்லை. "விதிப்படி நாலும் ஒன்பதும் நீக்கம். முதல் பரிசு மருந்துக்கடைப் பொண்ணுக்கு." அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். மச்சினன் எந்தப் பக்கமாக இறங்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. மாஸ்டர் போகும்போது அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

தந்தானா படியில் இறங்கத் தொடங்கினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "கடையில இன்னொரு மெஷின் சும்மாதான் கிடக்கு. வா, போலாம்."

"இரும்மா" என்றார் கவிஞர். அவருக்குப் போர்த்த வேண்டிய சால்வையோடு இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. "அந்தப் பாட்டுக்குச் சரணம் என்ன?"

"இல்லைங்க. டம்மிக்கு லாலா போதும்னு சொல்லிட்டாங்க."

"நான் ஏற்புரை பேச இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள எழுது. பரிசு கிடையாது. படமும் என் கையில இல்லை. நல்லா இருந்தா இந்த மேடையில வாசிப்பேன், எழுதினவ பேரைச் சொல்லி. நல்லா இல்லைன்னா அதையும் இதே மைக்குல சொல்லுவேன். சரியா?"

அவள் மேடைப் படியிலேயே உட்கார்ந்தாள். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அக்கா கைப்பையைத் துழாவித் துணியில் கோடு போடுகிற பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். மேலே கவிஞர் பேசத் தொடங்கியிருந்தார்; அவள் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. நின்றுவிட்ட பாட்டு எங்கே போக வேண்டும் என்று நாலு வருடமாக அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுதத்தான் துணியவில்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும்.

முதல் வரியை எழுதினாள்.

*மழை விட்டு வருஷம் ஏழாச்சு, நீ போகலாம்.*

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த அக்கா சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தந்தானா நிமிரவில்லை. இன்னும் மூன்று வரி பாக்கி இருந்தது.