மூன்றாவது தாள்

புருஷனின் நெஞ்சில் இரண்டாவது தடவையாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள் அவள். ஈசிஜி அறையில் பதினோரு வருஷம், நாளைக்கு நாற்பது நெஞ்சு. கண்ணைக் கட்டிவிட்டாலும் இடம் தப்பாமல் ஒட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் எடுத்த முதல் தாளில், மேலே எழும்ப வேண்டிய கோடுகள் குழிக்குள் இறங்கியிருந்தன. செத்துப்போன இதயத் தசை அப்படித்தான் காட்டும்.

ஆனால் வயர் மாறினாலும் கோடு கெடும். தாள் கெட்டு வந்தால் முதலில் தன் கையைச் சந்தேகப்பட வேண்டும், அப்புறம்தான் நோயாளியை. அந்த அறையின் வழக்கம் அது. கடவுளே, இன்றைக்கு ஒரு நாள் நான் தப்புப் பண்ணியிருக்கணுமே என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

"எத்தனை தடவைம்மா ஒட்டி ஒட்டிப் பிய்ப்ப? இருந்த நாலு முடியும் போச்சு" என்றார் புருஷன்.

"பேசாம படுங்க. பேசினா கோடு ஆடும்."

இரண்டாவது தாளும் அப்படியே வந்தது. வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பாழாய்ப்போன வயர்கள், ஒன்றுகூட இடம் மாறவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். "உன் ரூமுக்குப் போய் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாமா?" என்று கேட்டார். லீவு நாளில்கூட அந்த அறையா என்று அவளுக்கு எரிச்சல். "வாயுதாங்க. சாப்பிட்ட உடனே படுத்தா இப்படித்தான்" என்று மாத்திரையை நீட்டினாள். "என் பொண்டாட்டி பாக்காத நெஞ்சா!" என்று பெருமையாக விழுங்கினார் மனுஷன். அதற்கப்புறம் மாடிப்படியில் பாதியில் நின்று செல்போனைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார். அவளும் செல்போனைத்தான் பார்க்கிறார் என்று இருந்துவிட்டாள். பாவி, எத்தனை பேருக்குப் பார்த்தாள், கட்டினவருக்குப் பார்க்கவில்லையே.

மூன்றாவது தாள் வந்தது. அதே குழி.

"என்ன, நல்லாத்தானே இருக்கு?"

"டாக்டர் சொல்லுவாரு." தினமும் நாற்பது பேரிடம் சொல்கிற பதில், வாயில் தானாக வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "என்கிட்டயேவா? அன்னிக்கு வாயுன்னு நீதானே சொன்ன. இன்னிக்கும் நீயே சொல்லேன். நீ சொன்னா எனக்குப் போதும்."

அவள் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகச் சிவந்திருந்தது. கடைசி ஸ்டிக்கரை மட்டும் எடுக்க முடியவில்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அடியில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் படுத்தபடியே ஒரு கையால் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.