ஏழரை மீட்டர்

"அந்த டேப்பச் சுருட்டிரு மக்ளே. நீர்மால வரும்போ கால்ல தட்டும்," என்றார் மாமா.

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துவரும் வழி அதுதான். ஸ்ரீப்ரியா கொல்லைப்புறம் போனாள். பக்கத்து வீட்டு உலகம்மாளின் கிணற்றுச் சுவரில், ஒரு செங்கல்லுக்கு அடியில் தொடங்கிய மஞ்சள் டேப், மதில் இடிந்த இடம் வழியாக வந்து, பலாமரத்துக்குப் பின்னால் அப்பா அடித்த முளையில் முடிந்தது. காலையில் அந்த முளையருகேதான் அப்பா விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அப்பா சாலைக் கடைத்தெரு அரிசி மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். மூட்டு தேய்ந்த அம்மா மழையில் குடை பிடித்துக்கொண்டு கொல்லைக் கக்கூசுக்கு நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைத்தார். செப்டிக் டேங்குக்கு அனுமதி கிடைக்கவில்லை. குழிக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் நடுவே ஏழரை மீட்டர் வேண்டுமாம். நாற்பது சென்டிமீட்டர் குறைந்தது. பிளான் இரண்டு தடவை திரும்பி வந்தது. கடைசியில் ஓவர்சியர் மனமிரங்கி, குழியை நகர்த்தி அளந்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்.

நாளைக் காலை டேப்பின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொள் என்று அப்பா நேற்றுக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றாள் அவள்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி, கேட்டியா," என்றார். பிறகு அவர்கள் பேசவில்லை.

இப்போது அழுகை வரவில்லை. அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முளையருகே குனிந்தாள். ஏழு அறுபத்திரண்டு. ஆனால் டேப் தொய்ந்து கிடந்தது. தொய்ந்த டேப் கூட்டித்தான் காட்டும். இழுத்தாள், செங்கல் நகர்ந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் நகர்ந்திருக்கும்.

கிணற்றடியில் குடத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு வந்து, டேப்பின் தலைப்பைச் சுவரோடு அழுத்திக்கொண்டாள்.

"இழு மக்ளே. நான் பிடிச்சிட்டுண்டு."

ஸ்ரீப்ரியா இழுத்தாள். ஏழு ஐம்பத்து மூன்று.

தம்பி சுதீஷ் நிறைகுடத்தைத் தோளில் தாங்கி, ஈர வேட்டியோடு டேப்புக்கு முன்னால் வந்து நின்றான். பின்னால் ஆண்கள் நின்றார்கள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. போட்டோ எடுத்தாள். எண் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள்.

பிறகு டேப்பைச் சுருட்டினாள். உலகம்மாள் கையை விட்டதும், அதன் தலைப்பு மண்ணில் தட்டித் தட்டி ஸ்ரீப்ரியாவிடம் வந்து சேர்ந்தது.