வெளிறிய கை

ஆகஸ்ட் விடுமுறையில் கல்யாண வீடுகளுக்குப் போய் மருதோன்றி போட்டு உழைத்தாள் றுஷ்தா. டிசைனெல்லாம் அவளுடைய மாமி மகள் சுஹைரா கொப்பியில் கீறியவை. பள்ளிக்கூடத்தை விட்ட சுஹைராவுக்கு வெளியில் முகம் காட்டக் கூச்சம். றுஷ்தாவை ஊர் புகழப் புகழ அவளுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் சேர்ந்து செய்த மருதோன்றிக் கோன்களை றுஷ்தா மறந்துபோய் இரண்டு நாள் யன்னலோர வெயிலில் விட்டிருந்தாள். வெயில் பட்டால் நிறம் பிடிக்காது. சுஹைரா தன் கோனை மட்டும் முதல் நாளே பிரிட்ஜில் வைத்திருந்தாள், வெயிலில் கிடந்ததைப் பற்றி றுஷ்தாவுக்குச் சொல்லவில்லை.

அந்தக் கோன்களால் றுஷ்தா போட்டுவிட்ட கிண்ணியா மணமகளின் கை பால்தேத்தண்ணி போல வெளிறிக் கிடந்தது.

“இதுக்கோ இவ்வளவு எடுப்பு? இனி இந்தப் பக்கம் வராதீங்க மகள்,” என்றாள் மணமகளின் தாய்.

றுஷ்தா அழுதுகொண்டே சுஹைராவிடம் வந்தாள்.

“கோன் பழுதெண்டு உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாய்தானே மச்சி?”

சுஹைரா தன் சிவந்த உள்ளங்கையைப் பின்னால் மறைத்தாள்.

“ஓம்,” என்றாள்.