தலைவர் பேரில் வந்த மெயில்

விருத்தாசலம் பீங்கான் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கொளஞ்சிநாதன் ஒருநாள் காலையில் தன் ராஜினாமாவை மெயிலில் படித்தார். அவர் எழுதாத ராஜினாமா. யாரோ அவர் பேரில் சங்கத்தின் மெயில் குரூப்புக்கு அனுப்பியிருந்தார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மெயில் போலி என்பதைவிட, மதியத்துக்குள் பாதி உறுப்பினர்கள் வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டிருந்ததுதான் அவரை உறுத்தியது.

சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அவர் கொளஞ்சிநாதன் கம்பெனி மெயிலுக்கு ஒரு கடுமையான விதி போட்டார். கம்பெனியின் சர்வரிலிருந்து வராமல், ஓர் எழுத்து மாறினாலும் உடைந்துவிடும் கம்பெனியின் டிஜிட்டல் முத்திரையும் இல்லாமல் அந்தப் பேரில் எந்த மெயில் வந்தாலும், வாங்கும் இடத்திலேயே அதைத் தள்ளிவிட வேண்டும்.

"இனி உங்க பேர்ல யாரும் வாலாட்ட முடியாது சார்" என்று சொல்லிவிட்டு ஆலோசகர் ரயிலேறினார்.

தேர்தல் நெருங்கியது. மீண்டும் போட்டியிடுவதாகக் கொளஞ்சிநாதன் குரூப்புக்கு எழுதினார். பதிலே இல்லை. மறுபடி அனுப்பினார். கொஞ்சம் காரமாக, பிறகு நன்றாகவே காரமாக, வாரம் முழுக்க அனுப்பினார். ஊரே சேர்ந்து தன்னை ஒதுக்குவதாக முடிவுகட்டி, சங்கச் செயலாளர் பானுமதியைத் தன் ஃபேக்டரிக்குக் கூப்பிட்டார்.

பானுமதியும் குரூப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "அண்ணே, உங்க மெயில் யாருக்கும் போவல. நீங்க குரூப்புக்கு அனுப்புறீங்க. குரூப்பு அந்த மெயிலுக்கு அடியில சங்க விலாசத்த சேர்த்து, உங்க பேர்லயே எல்லாருக்கும் அனுப்புது. அடியில சேர்த்ததுல உங்க முத்திரை உடைஞ்சிடுது. அனுப்புற சர்வரும் உங்களுது இல்ல. அப்பறம் வாங்குற எடத்துலல்லாம் நீங்க சொன்ன மாதிரியே தள்ளிட்டாங்க."

"நான் போட்ட பூட்டு என்னையே வெளிய நிறுத்துமா?"

"அதோட போவலண்ணே. திரும்பத் திரும்ப மெயில் திரும்பி வந்ததால, அந்த விலாசமெல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்சு குரூப்பு பாதிப் பேர நீக்கிடுச்சு."

"யாருக்குமே கிடைக்கலியா?"

"நல்லமுத்து அண்ணனுக்கு எல்லாமே போயிருக்குது. அவரோட பழைய சர்வரு எதையும் சோதிக்காது."

நல்லமுத்துதான் எதிர்த்துப் போட்டியிடுகிறவர். அத்தனை மெயிலையும் படித்துவிட்டு அவர் வாயே திறக்கவில்லை.

விதியைத் தளர்த்தலாம் என்றாள் பானுமதி. ஆலோசகர் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்த கொளஞ்சிநாதன் அதற்கு ஒப்பவில்லை. அப்படியானால் குரூப்பை மாற்றலாம், இனி யார் எழுதினாலும் சங்கத்தின் விலாசத்திலிருந்தே போகும் என்றாள். தன் பேர் பக்கத்தில் சிறிதாகவாவது தெரியுமா என்று இரண்டுமுறை கேட்டுவிட்டு அவர் சம்மதித்தார். நீக்கப்பட்டவர்களைப் பானுமதி திரும்பச் சேர்த்தாள்.

மறுநாள் பொம்மை செய்யும் கனகா குரூப்பில் கேட்டிருந்தாள்: 'நல்லமுத்து அண்ணன் நிக்கிறாராமே, உண்மையா?' அவளுக்கு மட்டும் என்று நினைத்துக் கொளஞ்சிநாதன் பதில் பட்டனை அழுத்தி எழுதினார்: 'நிக்கட்டும்மா. அவனுக்குக் களிமண்ணுக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நம்ம சங்கத்து ஆளுங்களுக்கு அதுவே போதும். பஜ்ஜி போட்டா கூட்டத்துக்கு வருவாங்க, இல்லன்னா வரமாட்டாங்க.'

கனகாவின் மெயிலும் இப்போது சங்கத்தின் விலாசத்திலிருந்துதான் வந்திருந்தது. பதிலும் அங்கேயே போனது. அங்கிருந்து, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

சிறிது நேரத்தில் நல்லமுத்து போன் செய்தார். "மெயில் கிடைச்சுதுண்ணே. தெளிவா எழுதியிருக்கீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

கொளஞ்சிநாதன் பானுமதியை அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"இந்த ஒன்ன மட்டும் தள்ளிவிட ஏதாச்சும் வழி இருக்குதாம்மா?"

"இல்லண்ணே. எல்லாரும் படிச்சிட்டாங்க."

தேர்தலில் நல்லமுத்து ஜெயித்தார். அன்றைக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. பஜ்ஜியை மட்டும் ஒருவரும் தொடவில்லை.